யார் தலையில் இறக்கி வைப்பது

உமுதோரு
25 பிப்ரவரி 1979

அன்புத் தங்கச்சி பெர்னாவுக்கு,

அக்கா உகோயே எழுதுறேன். இங்க நாங்க மூணு வேளை சாப்பிட்டு உசிரோட இருக்கோம். அந்த ஜோஸ் ஊர்க் குளிர்ல உனக்கு நெஞ்சுச் சளி எப்படி இருக்குன்னு தெரியணும். ஆஸ்பத்திரியில உன்னை வார்டுக்குத் தலைமை நர்ஸா ஆக்கிட்டாங்கன்னு போன கடுதாசியில எழுதியிருந்தே. உன் அத்தான் அதைக் கோயில் வாசல்ல நின்னு ஊருக்கே படிச்சுக் காட்டினார். கோயில் பொறுப்பாளர் ஆனதிலேருந்து அவருக்கு எல்லாத்தையும் வாசல்ல நின்னு படிக்கிற பழக்கம் வந்திடுச்சு.

நம்ம பொண்ணு ஒஜியூகோ விஷயமாத்தான் எழுதுறேன். பயிற்சி முடிச்சு வந்து நம்ம மிஷன் பள்ளிக்கூடத்துலயே டீச்சராச் சேர்ந்துட்டா. போன வாரம் ஆபாவிலிருந்து ஒரு துணி வியாபாரி, நல்ல குடும்பம், ஆள் அனுப்பிப் பெண் கேட்டாங்க. வந்தவங்களுக்கு மரியாதையா வைக்கிற கோலாக்கொட்டையைக் கொண்டுவாடின்னா, தட்டைப் படக்குன்னு வச்சிட்டு, "எனக்கு நோட்டுத் திருத்தற வேலை இருக்கு"ன்னு உள்ளே போயிட்டா. அத்தனை பேர் முன்னாடி!

அப்புறமா கேட்டேன். "ஏண்டி, மனசுல யாராச்சும் இருக்கானா?"

"இருந்தா உனக்குப் பிடிக்கவா போகுது?"

சிரிச்சிக்கிட்டேதான் சொன்னா. எனக்குத்தான் சிரிப்பு வரல. அவ என்கிட்ட சொல்லாததை உன்கிட்ட சொல்லுவா. சின்ன வயசுலேருந்தே அவளுக்கு நான் அம்மா, நீதான் சிநேகிதி. எழுதிக் கேளு. யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்.

மகன் உசோ அடுத்த மாசம் லாரி நிலையத்துல வேலைக்குச் சேர்றான். அவன் தங்கச்சி விஷயம் அவனுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

உன் அக்கா,
உகோயே


ஜோஸ்
20 மார்ச் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது, இருமல் மட்டும் மிச்சம். அத்தானின் முட்டிவலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்த்த கையைக் கண்ணில் வைக்க வேண்டாம் என்று சொல்.

நீ கேட்டபடி ஒஜியூகோவுக்கு எழுதினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றித்தான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். வேறு ஒன்றும் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண் எல்லாவற்றையும் எழுதிவிடுவாளா?

ஆபாக்காரனுக்கு அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதே. அவள் ஒரு வருஷம் வேலை பார்க்கட்டும். அத்தானிடம் நீ மெதுவாகப் பேசினால் கேட்பார்.

இங்கே இரண்டு நாளாகக் காற்று தூசியைக் கிளப்பி, பகலிலேயே விளக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. அதிகம் எழுத முடியவில்லை.

அன்புடன்,
பெர்னா


உமுதோரு
29 ஏப்ரல் 1979

தங்கச்சி பெர்னாவுக்கு,

நீ நல்லா இருப்பேன்னு நம்புறேன். தைலம் வந்தது. எனக்குத்தான் சாப்பாடு இறங்கல.

ஆள் யாருன்னு தெரிஞ்சு போச்சு. ஈஸ்டர் முடிஞ்ச திங்கள்கிழமை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி மாமரத்தடியில ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரே தாள்ல வேர்க்கடலை தின்னுக்கிட்டு இருந்தாங்க. அனோசியே. கணக்கு வாத்தியார். உரேதியாவோட ஒரே மகன்.

உரேதியா எந்த வம்சம்னு உனக்கு நான் சொல்லணுமா? அவங்க பாட்டன் பூட்டனை அந்தக் காலத்துல ஊர்ச் சாமிக்கு அடிமையா நேர்ந்து விட்டாங்க. அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் அவங்க ஓசு, ஊர் ஒதுக்கி வச்ச வம்சம். சட்டம் போட்டு ஒழிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு நீ சொல்லுவே. சட்டம் தலைநகரத்துல இருக்கு. நாங்க இங்க இருக்கோம். ஒரே கோயில்ல ஜெபம் பண்ணுவோம், ஒரே கிணத்துல தண்ணி எடுப்போம். பொண்ணு குடுக்க மாட்டோம், எடுக்க மாட்டோம். அவங்க பொணத்தைக்கூட நம்ம பக்கம் புதைக்க விட மாட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திட்டுக் கேட்டேன்.

"அவன் யாருன்னு தெரியுமாடி உனக்கு?"

"தெரியும். வகுப்புல ஒருத்தனையும் அடிக்காம கணக்குச் சொல்லிக்குடுக்கிற ஒரே வாத்தியார்."

"கிண்டல் பண்ணாதே. அவங்க வம்சம்..."

"அம்மா, போன மாசம் உனக்குக் காய்ச்சல் வந்தப்ப, சைக்கிள்ல உன்னை உட்கார வச்சு ஆறு மைல் மிதிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனானே, அப்ப அவன் வம்சம் உன் முதுகுல ஒட்டிக்கிச்சா?"

கை ஓங்கிட்டேன். அவ நகரவே இல்ல, கன்னத்தைக் காட்டிக்கிட்டு நின்னா. கையைக் கீழே போட்டுட்டேன்.

உன் அத்தானுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா என்ன நடக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு. ஒண்ணு மட்டும் கேட்கிறேன், உண்மையைச் சொல்லு. உனக்கு இது முன்னாடியே தெரியுமா?

உகோயே


ஜோஸ்
24 மே 1979

அக்கா,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸிலிருந்தே தெரியும். என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், அதனால் மார்ச் மாதம் உனக்குப் பொய் எழுதினேன். மன்னித்துக்கொள்.

அனோசியே எனக்கும் எழுதியிருக்கிறான். "பெரியவர்களை எதிர்த்துக்கொண்டு போக எனக்கு ஆசையில்லை, அவர்கள் வாசலில் நின்று முறைப்படி கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தான். நான் அவனுக்கு என்ன பதில் எழுதுவது? எமெனிகேயும் அப்படித்தான் சொன்னான் என்றா?

பதின்மூன்று வருஷமாக நாம் இருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. இன்றைக்கு நானே சொல்கிறேன். அவனும் அதே வம்சம். அவன் என்னைப் பெண் கேட்டு நம் வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே யாரோ நம் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். அவனை ஊரை விட்டே துரத்தினார்கள். அடுத்த வருஷம் உள்நாட்டுச் சண்டை வந்தது, படையில் சேர்ந்தான், திரும்பி வரவில்லை. அப்பாவிடம் சொன்னது யார் என்று நான் உன்னை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஒஜியூகோவை இங்கே அனுப்பிவிடு. என்னோடு இருக்கட்டும். இங்கே யாரும் யாருடைய பாட்டனையும் கேட்பதில்லை. அத்தானிடம் மட்டும் சொல்லிவிடாதே.

பெர்னா


உமுதோரு
17 ஜூன் 1979

பெர்னாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு மனசு இல்ல. நீ நல்லா இரு.

அவருக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. பங்காளிங்க எல்லாரும் வீட்டுல கூடிட்டாங்க. அந்த நேரம் பார்த்து, யாரும் கூப்பிடாமலே, அனோசியே வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னான். பொண்ணு கேட்கத்தான் வந்திருக்கான்! பங்காளிகள்ல மூத்தவர் கேட்டார்:

"உங்கப்பன் இந்த முற்றத்துல எப்பவாச்சும் செருப்போட நடந்திருக்கானாடா?"

"இல்லைங்கய்யா. அதனாலதான் கழட்டி வெளியில வச்சிட்டு வந்திருக்கேன். பேசிட்டுப் போயிடறேன்."

ஒருத்தன் சிரிச்சிட்டான். அதுதான் மத்தவங்களுக்குக் கோவத்தைக் கிளப்பிச்சு. உசோ போய் அந்தச் செருப்பைத் தூக்கிக் குப்பைக்குழியில வீசினான். உன் அத்தான் எந்திரிச்சு, சத்தமே இல்லாம, "தம்பி, நீ படிச்சவன். இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தா உங்கம்மா தனியா இருப்பா, அவ்வளவுதான்"னு சொன்னார். அவர் கத்தியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள் காலையில உரேதியா வீட்டு வாசல்ல, ஊர் விலக்குக்கு அடையாளமா, மஞ்சக் குருத்தோலை கட்டியிருந்துச்சு. யார் கட்டினாங்கன்னு யாருக்கும் தெரியாதாம். மூணாம் நாள் அவங்க வள்ளிக்கிழங்கு அடுக்கி வச்சிருந்த மூங்கில் பந்தல் எரிஞ்சுது. அதுவும் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துல அவனை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.

ஒஜியூகோவை உள் அறையில வச்சுப் பூட்டியிருக்கோம். சாவி உன் அத்தான் இடுப்புல. ஆகஸ்ட் பதினொண்ணுக்கு ஆபாக்காரனோட கல்யாணம்னு முடிவு பண்ணிட்டாங்க. உசோவும் அவன் கூட்டாளிங்களும் லாரி நிலையத்துல, பெரிய ரோட்டுல, எங்கே பார்த்தாலும் காவல் நிக்கிறாங்க. "ரெண்டு பேரையும் சேர்த்து ரோட்டுல பார்த்தா வெட்டிடுவோம்"னு வெளிப்படையாவே பேசிக்கிறாங்க. இதுக்கு நடுவுல ஓட்டுக் கேட்டு லாரியில வர்றவங்க, "எல்லாரும் சமம்"னு ஒலிபெருக்கியில கத்திட்டுப் போறாங்க.

அவ அழல. அதுதான் எனக்குப் பயம். தட்டை உள்ளே வச்சா, "நன்றி அம்மா"ங்கறா, விருந்தாளி மாதிரி. மழை நிக்கவே இல்ல.

உகோயே


ஜோஸ்
6 ஜூலை 1979

அக்கா,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

"எப்படியோ தெரிஞ்சு போச்சு" என்று எழுதியிருக்கிறாய். சரி, அப்படியே இருக்கட்டும். அதைப் பற்றிப் பேச இப்போது நேரமில்லை.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா வீட்டில் நானும் இப்படி ஓர் அறையில் பூட்டிக் கிடந்தேன். நீதான் தட்டு கொண்டுவந்து வைத்தாய். நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்கச் சொன்னேன். நீ திறக்கவில்லை. அன்றிலிருந்து நான் யாருக்கும் மனைவி ஆகவில்லை, யாருக்கும் தாய் ஆகவில்லை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறேன், உன் கணவருக்குத் தைலம் அனுப்புகிறேன். ஆனால் அந்தக் கதவு எனக்குள் இன்னும் சாத்தியே இருக்கிறது.

உன் மகளுக்கும் இதையேதான் செய்யப்போகிறாயா? நீ அவளைப் பெற்றவள் என்றால் கதவைத் திற. எந்த வழியாக என்பது உன் பாடு. ரயிலில் ஏற்றிவிட்டால் போதும், இந்தப் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெர்னா


உமுதோரு
5 ஆகஸ்ட் 1979

பெர்னா,

தந்தி கிடைச்சிருக்கும். அதுல ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு மட்டும்தான் போட முடிஞ்சுது.

ஜூலை இருபத்தொன்பது, ஞாயித்துக்கிழமை. ஊரே பூசையில இருந்துச்சு. நானும் அங்கேதான் இருந்தேன். யாரோ பூட்டை உடைச்சு அவளை வெளியே விட்டிருக்காங்க. ரெண்டு பேரும் ரோட்டுப் பக்கம் போகாம, இமோ ஆத்தைக் கடந்து, மறுகரையிலேருந்து நடந்து, உமுவாகியாவுல ரயில் ஏறலாம்னு போயிருக்காங்க. தோணிக்காரன் இபேக்வே ஏத்திக்கிட்டான். பாதி ஆத்துல, வெள்ளத்துல வந்த மரம் ஒண்ணு தோணியில மோதிடுச்சு. இபேக்வே நீந்திக் கரையேறிட்டான். இவங்களை மறுநாள் மூணு மைல் கீழே எடுத்தாங்க. அனோசியேவுக்கு நீச்சல் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவன் தனியா வந்திருக்கலாம். வரல.

ஏறும்போது அவ முன்பக்கமா உட்கார்ந்து, பெட்டியை மடியில வச்சிக்கிட்டா. தண்ணி தெறிச்சப்ப சிரிச்சா. சின்னப் பொண்ணு மாதிரி.

அவளை நம்ம பக்கம் புதைச்சோம். அவனை அவங்க பக்கம். நடுவுல ரோடு.

உன் அத்தான் யார்கிட்டயும் பேசறதில்ல. இபேக்வேதான் அவங்களைக் கடத்திட்டுப் போய்க் கொன்னான்னு பங்காளிங்க அவனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துட்டாங்க. அவன் குடிசையைக் கொளுத்திட்டாங்க. பூட்டை உடைச்சது யாரு, அவங்களைத் தோணிக்குக் கூட்டிட்டு வந்தது யாருன்னு கேட்டு அடிக்கிறாங்களாம். அவன் வாயே திறக்கலியாம்.

அவங்க உன்கிட்டதான் வர இருந்தாங்க. வா, வான்னு ஆசை காட்டினது நீ. உன் கடுதாசிங்கதான் என் பொண்ணைக் கொன்னுச்சு. இனிமே எனக்கு எழுதாதே.

உகோயே


ஜோஸ்
26 ஆகஸ்ட் 1979

அக்கா,

எழுதாதே என்றாய். ஒரு தடவை மட்டும் எழுதுகிறேன்.

நீ சொன்னது சரி. வார்டில் ஊசி போடும்போதும் அதுதான் காதில் கேட்கிறது. இங்கே அவர்களுக்காக ஒரு அறையை வெள்ளையடித்து வைத்திருந்தேன். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் வாங்கினேன். நான் அந்த அறையைத் தயார் செய்யாமல் இருந்திருந்தால், அவர்களும் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

நான் ஊருக்கு வரட்டுமா? வராதே என்று சொன்னால் வரமாட்டேன். ஏதாவது ஒரு வரி எழுது.

பெர்னா


ஜோஸ்
30 செப்டம்பர் 1979

அக்கா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நீ உயிரோடு இருப்பதையே ஊரிலிருந்து வந்த லாரிக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கோயிலில் உன்னைப் பார்த்தாராம், நீ பாதியாகிவிட்டாயாம். இபேக்வே இன்னும் சிறையில்தான் என்றும் சொன்னார்.

உன் ஆகஸ்ட் மாதக் கடிதத்தைத் தினமும் படிக்கிறேன், என்னை நானே தண்டித்துக்கொள்ள. இருபது முப்பது தடவை படித்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது.

பூசையில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். இபேக்வே வாய் திறக்கவில்லை என்றும் நீயேதான் எழுதியிருக்கிறாய். தோணியில் ஏறிய இருவரும் இல்லை. அப்படியென்றால் அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டதும், தண்ணீர் தெறித்தபோது சிரித்ததும் உனக்கு எப்படித் தெரியும், அக்கா?

நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை. உன்னிடம் மட்டும்தான் கேட்கிறேன்.

பெர்னா


உமுதோரு
28 அக்டோபர் 1979

என் தங்கச்சி பெர்னாவுக்கு,

நீ நல்லா இருக்கணும். முன்னாடி எழுதினப்ப இதை மனசார எழுதல. இப்ப எழுதுறேன்.

உன் கேள்வி வந்து பதினஞ்சு நாளாச்சு. மூணு தடவை எழுதி மூணு தடவையும் அடுப்புல போட்டேன்.

ஆத்தங்கரையில நான்தான் நின்னேன்.

உன் ஜூலை மாசக் கடுதாசி இருபத்தி மூணாம் தேதி வந்துச்சு. கிழிக்கல, மனப்பாடம் ஆகற வரைக்கும் படிச்சேன். ஞாயித்துக்கிழமை காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிட்டேன். எல்லாரும் பூசைக்குப் போனதும் உலக்கையால பூட்டை உடைச்சேன். அவ உள்ளே நின்னு என்னையே பார்த்தா. "நீயா அம்மா?"ன்னா. இதுக்கு முன்னாடி எந்தப் பிள்ளையும் அந்த மாதிரி ஒரு தாயைப் பார்த்திருக்காது, பெர்னா. ஏழு வாரத்துல அன்னைக்குத்தான் அழுதா.

ஆத்து வழியைச் சொன்னதும் நான்தான். அவனுக்கு முன்னாடியே சொல்லி அனுப்பினதும் நான்தான். அவன் ரோட்டு வழியாவே போயிடலாம்னான், "ஓடி ஒளியறது எனக்குப் பிடிக்கலம்மா"ன்னான். நான் ஒத்துக்கல. லாரி நிலையத்துல என் மகனே கத்தியோட நிக்கிறான்.

இபேக்வே முதல்ல மாட்டேன்னுட்டான். "அம்மா, தண்ணி நடுவுல சுழிக்குது. பெரிய பெரிய மரமா அடிச்சிட்டு வருது. மத்தியானம் வரைக்கும் பொறுங்க, கொஞ்சம் அடங்கும்"னான். மத்தியானம்னா பூசை முடிஞ்சு எல்லாரும் வந்திடுவாங்க. "இப்பவே போ. எது வந்தாலும் என் தலைமேல"ன்னேன். "நான்தான் அனுப்பினேன்னு செத்தாலும் யார்கிட்டயும் சொல்லாதே"ன்னும் சொன்னேன். "சொல்ல மாட்டேன்"னான். இன்னைக்கு வரைக்கும் சொல்லல. அவனை அடிக்கிறாங்க. நான் வீட்டுல கசப்பிலைக் குழம்பு வச்சுச் சாப்பிடுறேன்.

மரம் மோதினதை நான் பார்த்தேன். அனோசியே அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டுச்சு. அப்புறம் ரெண்டு தலை தெரிஞ்சுது. அப்புறம் தெரியல. நான் கத்தல, யாராச்சும் வந்து என்னைப் பார்த்திடுவாங்களேன்னு. அந்த நேரத்துலகூட அதைத்தான் நினைச்சேன். வீட்டுக்கு ஓடிவந்து பாயில படுத்துக்கிட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு. உன் அத்தானுக்கு அது "எப்படியோ" தெரிஞ்சு போகல. நான்தான் சொன்னேன். அவர் அவளைக் கண்டிச்சு, உன்கிட்ட அனுப்பிடுவார், காலப்போக்குல எல்லாம் மறந்திடும்னு நினைச்சேன். நம்ம அப்பாகிட்டயும் அன்னைக்கு நான்தான் சொன்னேன். நீ கேட்கல. நானே சொல்றேன். அப்பவும் நல்லதுக்குன்னுதான் நினைச்சேன். சாத்த வேண்டிய நேரத்துல திறந்தேன், திறக்க வேண்டிய நேரத்துல சாத்தினேன்.

உன் மேல பழி போட்டேன். நீ ரொம்ப தூரத்துல இருந்தே, சுலபமா இருந்துச்சு.

என்ன செய்யட்டும்?

உகோயே


ஜோஸ்
14 நவம்பர் 1979

அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? முதலில் அதை எழுது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை வெறுக்கப் பார்த்தேன். முடியவில்லை. எமெனிகேவுக்காக ஒரு நாள் முழுக்க அழுதேன். ஒஜியூகோவுக்காக அழுதேன். பிறகு, "கதவைத் திற" என்று எழுதிய அதே கையால் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். நான் அப்படி எழுதாமல் இருந்திருந்தால், அல்லது நீ அத்தானிடம் சொல்லாமல் இருந்திருந்தால், அத்தான் பூட்டாமல் இருந்திருந்தால், உசோ ரோட்டில் நிற்காமல் இருந்திருந்தால்... எந்த இடத்தில் பிடித்து இழுத்தாலும் மொத்தமும் கையோடு வருகிறது. எது முதல் முடிச்சு என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரியும். செத்தவர்களுக்கு இனி நாம் செய்ய ஒன்றுமில்லை. இபேக்வே உயிரோடு இருக்கிறான். இன்றும் அடி வாங்குகிறான். போய்ச் சொல்லு. முதலில் போலீஸிடம், பிறகு ஊரில். உரேதியா காதில் விழும்படி சொல்லு. அவள் தன் மகனைக் கொன்றது யார் என்று தெரியாமலே இருக்கிறாள்.

சொன்ன பிறகு உன்னை அங்கே இருக்க விடமாட்டார்கள். ரயில் ஏறி இங்கே வந்துவிடு. அந்த அறை அப்படியே இருக்கிறது.

உன் தங்கை,
பெர்னா


உமுதோரு
16 டிசம்பர் 1979

பிரியமான பெர்னாவுக்கு,

சாப்பிடுறேன். கொஞ்சம் தூங்குறேன். நீயும் இருமலைக் கவனி, இழுத்துக்கிட்டே போக விடாதே.

சொல்லிட்டேன். போலீஸ்காரங்க எழுதிக்கிட்டாங்க. ஒருத்தர் பேனாவை வச்சிட்டு, "உங்களை யாரும் கேட்கவே இல்லையேம்மா, ஏன் வந்தீங்க?"ன்னார். நாலு நாள் கழிச்சு இபேக்வேயை விட்டாங்க. ரெண்டு பல்லு இல்ல, ஒரு காலை இழுத்து நடக்கிறான். நான் அவன் முன்னாடி மண்டி போட்டேன். அவன் என்னைத் திட்டுவான்னு பார்த்தா, "ஏம்மா சொன்னீங்க? நான்தான் வாக்குக் குடுத்திருந்தேனே"ன்னு கேட்கிறான்.

அப்புறம் ஊர்க்கூட்டம். மைதானத்துல எல்லாரும் இருந்தாங்க. எல்லாத்தையும் சொன்னேன், உனக்கு எழுதினபடியே. முடிச்சதும் பங்காளிங்க முகத்தைப் பார்க்கணுமே நீ! பாரம் இறங்கின கூலிக்காரங்க மாதிரி நிமிர்ந்தாங்க. "ஆக, பெத்தவளேதான் கொன்னுருக்கா"ன்னார் மூத்தவர். "அப்படின்னா இத்தோட விஷயம் முடிஞ்சுது"ன்னு இன்னொருத்தர். தடியை ஊனி எந்திரிக்கவே ஆரம்பிச்சிட்டாங்க. உன் அத்தான் தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தார்.

அப்பதான் பின்னாடியிலேருந்து உரேதியா குரல் வந்துச்சு. அவங்க வம்சத்துப் பொம்பளை யாரும் அந்த மைதானத்துல வாய் திறந்ததே இல்ல.

"உட்காருங்க. எல்லாரும் உட்காருங்க. ஒருத்தி தலையில இறக்கி வச்சிட்டு வீட்டுக்குக் கிளம்பறீங்களா? என் வாசல்ல ஓலை கட்டினது அவளா? என் பந்தலைக் கொளுத்தினது அவளா? ரோட்டுல கத்தியோட நின்னது யாரு? என் மகன் ஒழுங்கா ரோட்டு வழியா நடந்து போயிருந்தா இன்னைக்கு ரயில்ல இருப்பான். அவனை ஆத்துக்குத் துரத்தினது யாரு?"

அவ என் பக்கம் திரும்பினா.

"நீ உன் பங்கை மட்டும் சொல்லு. எல்லாப் பங்கையும் நீயே எடுத்துக்கிட்டு இவங்களைச் சுத்தமாக்கி அனுப்பாதே. உன் பங்கே உனக்குப் போதும்."

சொல்லிட்டுப் போயிட்டா. தடியை ஊனி எந்திரிச்சவங்க திரும்ப உட்கார்ந்தாங்க. ரொம்ப நேரம் யாரும் வீட்டுக்குப் போகல.

உன் அத்தான் என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டார். தாய்மார் சங்கத்து ஷெட்டுல பின்னறை ஒண்ணு குடுத்திருக்காங்க, அதுல இருக்கேன். மறுநாள் உசோ அங்க வந்தான். வாசல்ல நின்னு, "அம்மா, ஓலை கட்டினது நான். பந்தலுக்குத் தீ வச்சப்பவும் கூட இருந்தேன்"னான். "என்கிட்ட ஏண்டா சொல்றே, உரேதியாகிட்ட போய்ச் சொல்லு"ன்னேன். போனான். அவ என்ன சொன்னான்னு அவன் எனக்குச் சொல்லல. ஆனா நேத்து அவன் மூங்கில் வெட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போறதைப் பார்த்தேன்.

பெர்னா, நான் ஜோஸுக்கு வரல. நான் ரயில் ஏறிட்டா, கொன்னவ போயிட்டா, ஊர் சுத்தமாயிடுச்சுன்னு சொல்லிடுவாங்க. நான் இங்கேயே இருக்கணும். அவங்க தினம் என்னைப் பார்க்கணும். நானும் தினம் அவங்களைப் பார்க்கணும். அந்த அறையைச் சும்மா போடாதே, யாருக்காச்சும் குடு. அந்த மாதிரி வர்றவங்க இன்னும் வருவாங்க.

இன்னைக்கு ஞாயிறு. பூசைக்குப் போனேன். எங்க வரிசையில என் பக்கத்துல யாரும் உட்காரல. அந்த முனையிலேருந்து இந்த முனை வரைக்கும் நான் மட்டும். ஜெபம் தொடங்கினதுக்கு அப்புறமா உரேதியா உள்ளே வந்தா. அவங்க ஆளுங்க உட்கார்ற பின்பக்கம் போகல. நேரா முன்னாடி வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா. என்னைப் பார்க்கல. கோயிலே திரும்பிப் பார்த்துச்சு. உன் அத்தான் காணிக்கைத் தட்டோட நடுவழியில நின்னுட்டார்.

ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்கோங்கன்னு சாமியார் சொன்னார். நான் கையை நீட்டினேன். அவ என் கையைப் பார்த்துக்கிட்டே இருந்தா. பிடிக்கல. ஆனா எந்திரிச்சும் போகல.

உன் அக்கா,
உகோயே